பச்சைக் கல்லுக்கு நான் சொன்ன பெயர்

பேரனின் மனைவி நேற்று ஒரு மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். திருப்பதியில் ஒரு கடையில் வாங்கியதாம். "பாட்டி, இது அக்வாமரின்னு சொல்லிக் குடுத்தாங்க. நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க, நீங்கதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே" என்றாள். வெளிறிய நீலமும் பச்சையும் கலந்த கல். சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.  

"எனக்குத் தெரியாது. கடையில் சான்றிதழ் கேட்டு வாங்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. மோதிரத்தில் இருந்தது பெரில் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடலின் நிறம் கொண்ட பெரிலைத்தான் நகைக்கடையில் அக்வாமரின் என்கிறார்கள். ஆனால் கையில் எந்தக் கல் வந்தாலும் அதன் பெயரைச் சொல்ல எனக்குப் பயம். இத்தனை வருடமாக அப்படித்தான். ஏன் என்று ஒருவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது நீ. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. காதில் சொல்லத் துணியாததைக் காகிதத்தில் எழுதுகிறேன். கோழைத்தனம்தான், தெரிகிறது.

சித்தூரில் நாம் ஒரே அறையில் தங்கி ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த வருடங்கள் அவை. நான் வேதியியல், நீ ஓவியம். நான் கான்வென்ட்டில் படித்தவள். நீ வரதய்யபாளையத்துக்கு வடக்கே ஒரு மானாவாரி ஊரிலிருந்து, கடலைக்காய் மூட்டை ஏற்றி வந்த லாரியில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவள். என்னைவிட மூன்று வயது இளையவள். முதல் நாளே என்னை "அக்கா" என்றாய். "மிஸ் என்று கூப்பிடு" என்றேன். "இஸ்கூல்ல மிஸ்ஸு, ரூம்புல அக்கா" என்று சொல்லிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாய்.

ஆந்திரா தனி மாநிலமாகியும் எல்லை தீராமல் கிடந்த காலம். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தினம் ஒரு பேச்சு. உங்கள் ஊர் அப்போது மதராஸ் பக்கம் இருந்தது. ஆந்திராவுக்குத் தரப்போகிறார்கள் என்றார்கள். உன் அப்பாவுக்கு, நீ நைனா என்று கூப்பிடுகிறவருக்கு, இருந்தது மூன்று ஏக்கர், ஒரு கிணறு, வீடு. கிணறு வற்றிவிட்டது. ஆழப்படுத்தத் தோண்டியபோது கீழே வெள்ளைப் பாறை ஓடியது. அந்தப் பாறையில்தான் பச்சைக் கற்கள் கிடைத்தன.

அந்தப் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர். உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது கடைசியில் எஞ்சுகிற சாறு, நீராவியோடு வெடிப்புகளில் புகுந்து உறையும். அதனால்தான் அதில் படிகங்கள் கைப்பிடி அளவு வளர்கின்றன. குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் இருக்கும், ஃபெல்ட்ஸ்பார் இருக்கும், குழந்தைகள் காக்காப்பொன் என்று பொறுக்குகிற மைக்கா ஏடு ஏடாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, அதிர்ஷ்டம் இருந்தால், வேறொன்றும் இருக்கும். இதையெல்லாம் உனக்கு நான் அன்று எவ்வளவு நீட்டிச் சொன்னேன்! நீ கேட்டுக்கொண்டே அந்தக் கல்லை வரைந்துகொண்டிருந்தாய்.

ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில் நேரே பள்ளிக்கு வந்தாய். கைக்குட்டை முடிச்சில் இரண்டு கல். கட்டைவிரல் நீளம், அதைவிடப் பருமன். ஆறு பக்கம், ஒவ்வொன்றும் பலகை இழைத்தது போல். மேல்முனை கத்தியால் வெட்டிய மாதிரி தட்டை. நிறம், இளம் பச்சை. ஓர் ஓரத்தில் மட்டும் நீலம் கசிந்திருந்தது.

"நைனா வெள்ளிக்கெழம நெலத்த எழுதிக் குடுக்கப் போறாருக்கா" என்றாய். "மைக்கா சுரங்கம் பக்கத்துலேர்ந்து ஒரு தரகரு வந்துக்கினே இருக்கறாரு. ஊரு ஆந்திராவுக்குப் பூட்டா பத்திரமெல்லாம் தெலுங்குல ஆயிடும், அதுக்குள்ள முடிச்சிடலாம்னு அவசரப்படுத்தறாரு. வத்துன கெணத்துக்கும் கல்லு நெலத்துக்கும் இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? இந்தக் கல்லுலதான் இன்னாவோ கீது."

வீடும் சேர்த்து மூன்று ஏக்கரும் போகும். நகரியில் தறி வைத்திருக்கிற உன் மாமா வீட்டில் போய் ஒண்டுவது என்று நைனாவும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். ஒரே பெண்ணான உன் கையெழுத்தும் வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார். உன் நைனா உன்னிடம் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "ஒங்க டீச்சரம்மா இன்னான்றாங்களோ அதான்."

அது பெரில் என்றால் நிலத்தைக் கொடுக்கக் கூடாது. அணுசக்திக்கு வேண்டிய கல் என்று பெரிலை அரசாங்கமே வாங்கிக்கொண்டிருந்த காலம். பெரில் இல்லையென்றால் தரகர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவதே மேல். நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் ஒரு வீடு நின்றது. எனக்கு அது பயமாகவா இருந்தது? இல்லை. பெருமையாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அபடைட் என்று ஒரு கல் உண்டு. அதுவும் ஆறு பக்கம், அதுவும் பச்சை, அதுவும் பெக்மடைட்டில் வரும். பெரில் என்று நம்பி எத்தனையோ பேர் ஏமாந்ததால், ஏமாற்றுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். இதைப் படித்திருந்தேன். படித்ததாலேயே, கல்லைப் பார்த்த கணத்தில் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என்னை ஏமாற்ற முடியாது.

அன்று சாயங்காலம் நீ உன் வரைபடத்தைக் காட்டினாய். மூன்று கோணத்தில் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தாய். "பாகைமானி வச்சி அளந்தேன். முக்குக்கு முக்கு நூத்தி இருவது. ஒண்ணுகூட தப்பல."

"அபடைட்டுக்கும் நூற்றிருபதுதான்" என்றேன்.

"நம்ம இஸ்கூல் கல்லுப் பொட்டில ஒரு அபடைட்டு கீதுல்ல, அத்த எடுத்துப் பாத்தேன். அது எண்ண தடவுன மாதிரி கீது. இது கண்ணாடி. ரெண்டும் ஒண்ணு இல்லக்கா."

"பளபளப்பை வைத்து எவரும் முடிவு சொல்லமாட்டார்கள்."

"ஒரு மாசமா நைனா மடியில சாவியோட கெடந்துச்சி. ஒரு கோடு வுழல பாரு."

அதற்கு நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "படம் போடுகிறவளுக்குக் கண் போதும். எனக்குச் சான்று வேண்டும்."

உன் முகம் சுருங்கியது. பிறகு, "செரிங்க மேடம்" என்று தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாய். கேலிதான். ஆனால் கல்லை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

கத்தி முனையால் ஒரு கீறு கீறிப் பார்த்திருந்தால் போதும். அபடைட்டைக் கத்தி கீறும், பெரிலைக் கீறாது. ஆனால் கத்தியால் கீறுவது தரகர்களின் வேலை என்று எனக்கு ஓர் இளக்காரம். செவ்வாய்க்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும், உன்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, வேதியியல் முறைப்படி செய்தேன். சிறிய கல்லின் ஓரத்தை உடைத்துப் பீங்கான் கல்வத்தில் போட்டு அரைத்தேன். இடிக்க இடிக்கக் கை வலித்தது. அதுவே எனக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பொடியைச் சோதனைக் குழாயில் இட்டு நைட்ரிக் அமிலம் விட்டுச் சூடாக்கினேன். அபடைட்டில் பாஸ்பேட் உண்டு, பெரிலில் கிடையாது. தெளிந்த நீரை வேறு குழாயில் ஊற்றி அமோனியம் மாலிப்டேட் சேர்த்தேன். பாஸ்பேட் இருந்தால் மஞ்சளாகும்.

மஞ்சளானது. சாமந்திப்பூ மஞ்சள். மெதுவாகத் திரண்டு அடியில் படிந்தது.

முதல் குழாயின் அடியில் பொடி கரையாமல் அப்படியே கிடந்தது. நீதான் அதைக் காட்டினாய். "இது கரையலியேக்கா?"

"ஒட்டியிருந்த வெங்கச்சங்கல் தூள்" என்றேன். "அபடைட். உன் நைனாவிடம் சொல்லிவிடு."

நீ இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் கண் ஒன்று சொல்கிறது, நான் ஒன்று சொல்கிறேன். நீ உன் கண்ணை விட்டுவிட்டாய். "நீ சொன்னா செரி" என்றாய். புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட ஊருக்குப் போனாய். பெரிய கல்லை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாய். அபடைட்டை எதற்குத் தூக்கிச் சுமப்பது என்று.

வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக்கு அதே சோதனையைச் செய்து காட்டினேன். பாஸ்பேட் இல்லாத பொருளில் மஞ்சள் வராது என்று காட்ட, பள்ளிக்கூட முற்றத்திலிருந்து ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்துவரச் சொல்லி, அதே கல்வத்தில் அரைத்தேன். அமிலம், சூடு, மாலிப்டேட். "பாருங்கள், நிறம் மாறாது" என்று குழாயைத் தூக்கிப் பிடித்தேன்.

மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

முதல் பெஞ்சில் ஒருத்தி, "மிஸ், மாறுதே மிஸ்" என்றாள். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வெங்கச்சங்கல் வெறும் சிலிக்கா, அதில் பாஸ்பேட் எங்கிருந்து வரும்? கல்வத்தைக் குனிந்து பார்த்தேன். பீங்கானில் மயிரிழை வெடிப்புகள். அவற்றில் சாம்பல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்காக அதில் சுட்ட எலும்பை அரைத்திருந்தேன். எலும்பு முழுக்கப் பாஸ்பேட். துணியால் துடைத்து வைத்திருந்தேன். கழுவவில்லை.

நான், பிள்ளைகளின் கைக்குட்டை மடிப்பு கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புகிறவள், கழுவவில்லை.

வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியாது. எல்லோரும் போனபின் மேசையிலிருந்த பெரிய கல்லை எடுத்துப் பேனாக்கத்தியால் இழுத்தேன். கல்லில் கோடு விழவில்லை. கத்தியின் இரும்புதான் கரிக்கோடாக ஒட்டியது, விரலால் தேய்த்ததும் போய்விட்டது. கல்லின் கூரிய விளிம்பால் வெங்கச்சங்கல்லைக் கீறினேன். வெங்கச்சங்கல் அறுந்தது. அதையும் அறுக்கிற ஆறு பக்கப் பச்சைக் கல், பெக்மடைட்டில் வேறு என்ன இருக்கிறது?

தந்தி கொடுக்கலாமா? உங்கள் ஊருக்குத் தந்தி போய்ச் சேர இரண்டு நாளாகும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். புத்தூர் வரை சரியாகப் போனது. அங்கே மாறி நாராயணவனம் வந்தால், முகூர்த்த நாள்! கோயில் வாசலில் நாலைந்து கல்யாணக் கூட்டம், மாட்டு வண்டிகள், மேளம். பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. கண்டக்டரிடம் நான் கத்தினேன். "இன்னாமா, மாப்ளைய எறக்கி வுட்டுட்டு உன்னியத் தூக்கி ஒக்கார வைக்கச் சொல்றியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அன்று எனக்கு அவமானம்கூடத் தோன்றவில்லை. கைப்பையில் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தியவேட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும், பத்தேகால், பத்தரை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கையெழுத்து விழுந்திருக்கும். விழுந்திருக்கும். ஜெபமாலை ஜெபம் பள்ளியில் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகியது. என் மதம் அது இல்லை. ஆனாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தியவேட்டில் இறங்கி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடந்தபோது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம். வேப்பமரத்தடியில் உன் நைனாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நீ நின்றுகொண்டிருந்தாய். தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா?" என்றேன். எனக்கு வேறு சொல் வரவில்லை.

உன் நைனா எழுந்து நின்றார். "வாங்க டீச்சரம்மா. எங்க போடறது? வெள்ளிக்கெழம பத்தரைலேர்ந்து பன்னண்டு ராகுகாலம். முடியட்டும்னு கெடந்தோம், இப்பதான் முடிஞ்சிது."

ராகுகாலம் பார்ப்பதற்காக உன்னை நான் எத்தனை நாள் ஏளனம் செய்திருப்பேன்! அங்கேயே அடிமரத்தில் சாய்ந்துகொண்டேன்.

உள்ளேயிருந்து குமாஸ்தா, "தொந்தரகா ரண்டி, போஜனம் டைம் அவுதோந்தி" என்று சாப்பாட்டு நேரத்தைச் சொல்லித் தெலுங்கில் அவசரப்படுத்தினார். தரகர் முன்னால் வந்தார். "ஏமண்டி டீச்சரம்மா, இன்னா சமாச்சாரம்? நீங்கதான் இது ஒண்ணியும் இல்லாத கல்லுன்னு சொல்ட்டீங்களாமே?"

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது: நான் தப்பாகச் சோதித்தேன், இவள் பார்த்தபோதே சரியாகச் சொன்னாள். சொல்லவில்லை. தரகர் முன்னால், குமாஸ்தா முன்னால், உன் நைனா முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "இன்னொரு நுட்பமான சோதனை செய்தேன். இது பெரில்" என்றேன். அதோடு பையிலிருந்து கல்லை எடுத்து, தரையில் கிடந்த வெங்கச்சங்கல்லையும் சேர்த்து உன் நைனாவின் கையில் கொடுத்து, "பச்சையால் வெள்ளையைக் கீறுங்கள்" என்றேன்.

அவர் கீறினார். வெள்ளைக் கல்லில் பள்ளமாகக் கோடு விழுந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. பிறகு, "இதுக்கு இன்னாத்துக்குமா ஆசிட்டு?" என்றார்.

 அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரகரைப் பார்த்தார். "நெலம் குடுக்கல சாமி. நீ பஸ்ஸுக்கு இரு."

"அரசாங்கம் வந்து தோண்டிக்கினு பூடும், நீ குழிக்குள்ள ஒக்காந்துக்கினு இரு" என்று கத்திவிட்டுப் போனார் தரகர்.

அன்று மாலை உங்கள் வீட்டில் உன் அம்மா எனக்குக் களியும் கடலைச் சட்னியும் வைத்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ரெண்டு தபா பாத்தியாக்கா?" என்றாய்.

"எதையும் இரண்டு முறை பார்ப்பது என் வழக்கம்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் களி தின்றாய்.

திங்கட்கிழமை, யாரும் வருவதற்கு முன் கல்வத்தைக் கழுவிவிட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு ஓடினேன். அது கழுவி, துணிமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெடிப்புகளைக்கூட யாரோ பொறுமையாகச் சுரண்டியிருந்தார்கள். ஆய்வகத்தைக் கூட்டுகிற அம்மா எந்தப் பாத்திரத்தையும் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலையே சித்தூர் திரும்பியிருந்த நீ, அன்று எனக்கு முன்னால் எழுந்து போயிருந்தாய். நீயா? வியாழக்கிழமை வகுப்பில் வந்த மஞ்சளைப் பற்றிப் பிள்ளைகள் யாராவது உன்னிடம் சொன்னார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்கு என்று நானே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அரசாங்கத்திலிருந்து வந்து தோண்டினார்கள், சில மாதங்கள். கல் தீர்ந்தது, போனார்கள். ஊர் ஆந்திராவுக்குப் போனது, பத்திரம் தெலுங்கானது, வேறொன்றும் ஆகவில்லை. அவர்கள் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறியது. உன் நைனா அந்தத் தண்ணீரில் கடலை போட்டு, அந்த வீட்டிலேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன்! ஆனால் நாராயணவனத்தில் இன்னும் ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருந்தால்? அன்று வெள்ளிக்கிழமையாக இல்லாதிருந்தால்? இந்தக் கேள்விகள் இன்றும் பகலில், துணி மடிக்கும்போது, கை பாதியில் நிற்கும்படி வருகின்றன.

நீயோ அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னாய். என் கல்யாணத்தில் என் கணவரிடம் சொன்னாய். "எங்கக்கா ரெண்டு தபா பாக்காம எதுவும் சொல்லாது மாமா, ஜாக்கிரத." அவர் சிரித்தார். அவர் போகும்வரை அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. புத்தூரில் நீ ஓய்வு பெற்ற விழாவில், மேடையில் சொன்னாய். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கேள்விதான். புகழ்கிறாயா, எனக்கு வழி விடுகிறாயா? இப்போதாவது சொல்லட்டும் என்றா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாய்?

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, ஊசி போட வந்த நர்ஸிடமும் ஆரம்பித்தாய். மூச்சு வாங்க வாங்க, "எங்கக்கா ரெண்டு தபா..." என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். நர்ஸ் போய்விட்டாள். நாம் இருவர்தான் இருந்தோம். நீ காத்திருந்தாய் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன், மடிப்பு நேராக இருக்கும்படி.

என்னிடம் மீந்திருப்பது இந்தப் பயம்தான். மாத்திரையை எண்ணி எடுத்து மறுபடி எண்ணுகிறேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் திரும்பிவந்து பார்க்கிறேன். பாத்திரம் எதையும் வேலைக்காரி கழுவியபின் நான் ஒரு முறை கழுவுகிறேன். பேரப்பிள்ளைகள் அதை வயோதிகம் என்கிறார்கள். மருமகளுக்குக் கோபம். யாராவது ஒன்றைப் பார்த்து, எனக்கு இப்படித் தெரிகிறது என்று சொன்னால், மறுக்க வாய் திறந்து மூடிக்கொள்கிறேன். அது மட்டும் நல்ல பழக்கம் என்று நினைக்கிறேன்.

பெரிலியம் மூன்று, அலுமினியம் இரண்டு, சிலிக்கன் ஆறு, ஆக்சிஜன் பதினெட்டு. சிலிக்கன் ஆறும் வளையமாகக் கைகோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளியே அந்த ஆறு பக்கம். துளி இரும்பு கலந்ததால் அந்தப் பச்சை, அந்த நீலம். இதெல்லாம் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். உனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று அந்த மேசையில், கல்லைப் பார்த்தது நீ. நான் பார்த்தது எலும்புத் தூளை.